கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளை: கடலில் இறங்கிய ஒரு வணிகரின் வரலாறு

எமது ஆலயத்து உபயகாரர் பட்டியலைப் பார்த்தால் அரைவாசிப் பேர் கடைக்காரர்களும் சிறுதொழில் செய்வோருமாகவே இருப்பர். பலசரக்குக் கடை, அரிசி ஆலை, தச்சுப் பட்டறை, தையற்கடை எனத் தத்தம் சக்திக்கேற்ப நடத்திக்கொண்டு, திருவிழாக் காலத்தில் முதல் ஆளாக வந்து நிற்பவர்கள் அவர்கள். வியாபாரம் படுத்துவிட்ட காலத்தில் அவர்களின் மனம் படும் பாடு மற்றவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆகவே இம்மலருக்கு ஒரு பெரியாரின் சரிதம் எழுத வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, அறிஞர் என்றும் தியாகி என்றும் எல்லோரும் போற்றும் ஒருவரை, அவர் ஒரு தொழில் நடத்துநராகவும் இருந்தார் என்ற பக்கத்திலிருந்து பார்த்து எழுதலாமென எண்ணினேன். அவர்தான் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள்.

1961ஆம் ஆண்டு வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். செக்கிழுத்த காட்சியில் கண்கலங்காதவர் இல்லை. ஆனால் அவர் கப்பல் ஓட்டியது எங்கிருந்து எங்கே என்பதை எம்மவரில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து எமது கொழும்புக்கே அவர் கப்பல் ஓட்டினார்.

பாண்டி நாட்டின் தென்கோடியிலே, தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரம் என்னும் ஊரிலே, 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாக அவர் தோன்றினார். தந்தையார் ஒரு சட்டத்தரணி. பாட்டியார் சிவபெருமானின் கதைகளையும் பாட்டனார் இராமாயணக் கதைகளையும் சொல்லக் கேட்டே அவர் வளர்ந்தார். சிறு வயதில் காதில் விழுந்த சிவகதை பிற்காலத்தில் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

அவரும் சட்டம் பயின்று, 1895ஆம் ஆண்டளவில் ஒட்டப்பிடாரத்திலே வழக்காடத் தொடங்கினார். ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் வழக்குப் பேசுவதும், பொலிசார் சோடித்த வழக்குகளை உடைப்பதும் அவருக்கு வழக்கமாயின. இதனால் உத்தியோகத்தரின் பகை வளர்ந்தது. மகனுக்கு ஏதும் தீங்கு நேர்ந்துவிடுமோ என அஞ்சிய தந்தையார் 1900ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். முதல் மனைவி வள்ளியம்மை அக்காலத்தையொட்டியே காலமாகிவிட, பின்னர் மீனாட்சி அம்மையாரை மணம் புரிந்தார். பின்வந்த துன்பங்களையெல்லாம் கணவரோடு சுமந்தவர் இந்த அம்மையாரே.

அக்காலத்துத் தூத்துக்குடியை நாம் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற்சேவை 1914ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. அதற்கு முன் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருவோருக்குத் தூத்துக்குடி வரை புகைவண்டியில் வந்து, அங்கே நீராவிக் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்குவதே பிரதான வழியாக இருந்தது. மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரில் ஒரு பகுதியினரும், செட்டித்தெரு வணிகரும், கதிர்காம யாத்திரிகரும், அரிசி, மிளகாய், வெங்காயம், துணி முதலிய சரக்குகளும் இவ்வழியாலேயே வந்தன. இந்த வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனி என்னும் ஒரே ஆங்கிலக் கம்பனியின் கையில் இருந்தது. அவர்கள் வைத்ததே கட்டணம். ஏற்றுவதும் ஏற்றாமல் விடுவதும் அவர்கள் விருப்பம்.

சென்னை சென்றிருந்தபோது இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்ததும், சுதேசியப் பற்றை அவர் மனத்தில் விதைத்ததும் தம் வாழ்வின் திருப்பமாயிற்று எனப் பிள்ளையவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஊர் திரும்பியவர் நெசவுச்சாலை, சுதேசிப் பண்டகசாலை எனச் சிறிய முயற்சிகளில் முதலில் இறங்கினார். அதன்பிறகே கடல்மேல் கண் போயிற்று.

1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி சுதேசி நீராவிக் கப்பற் கம்பனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. அதனை ஒன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் இஸ்லாமியப் பெருவணிகர் தனியொருவராக 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாவுக்கு, வாங்கினார். பிள்ளையவர்கள் ஏற்றுக்கொண்ட பதவி உதவிச் செயலாளர் என்பதே. பெயரளவில் சிறிய பதவி. வேலை முழுவதும் அவர் தலையில். இந்தியர்களோடு இலங்கையரும் ஏனைய ஆசிய நாட்டவரும் பங்கு வாங்கலாம் என விதி வகுத்ததும், இந்நாடுகளின் இளைஞருக்குக் கப்பலோட்டும் தொழிலைப் பழக்குவதைக் கம்பனியின் நோக்கங்களில் ஒன்றாக எழுதிவைத்ததும் நாம் மறக்கக்கூடாதவை.

கம்பனி தொடங்கியாயிற்று, கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள ஷாலைன் கம்பனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். சுதேசிக் கப்பல் என்றதும் பயணிகளும் வணிகரும் திரண்டு வந்தனர். ஆங்கிலக் கம்பனி சும்மா இருக்குமா? கப்பல் கொடுத்தவர்களையே நெருக்கியது. வாடகைக் கப்பல் திரும்பப் போயிற்று. பெயர்ப்பலகை இருக்கிறது, பங்குக்காரர் இருக்கிறார்கள், சரக்கு ஏற்ற வணிகர் காத்திருக்கிறார்கள், கப்பல் மாத்திரம் இல்லை என்ற நிலை. கடை திறந்த மாதத்திலேயே மொத்த வியாபாரி சரக்கை நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும் என்பதைக் கடை வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

அந்த வேளையில் கைகொடுத்தது எமது கொழும்பு. பிள்ளையவர்கள் இலங்கையிலிருந்து ஒரு பெரிய கப்பலை வாடகைக்குப் பெற்றுப் போக்குவரத்து அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். ஆயினும் வாடகைக் கப்பலை நம்பி இருக்கும்வரை கழுத்தில் கயிறு கிடப்பது போலத்தான் என்பதை அவர் ஒரே அனுபவத்தில் கற்றுக்கொண்டார். சொந்தமாகவே கப்பல் வாங்குவது எனத் தீர்மானித்துப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

புறப்பட்டபோது அவர் செய்த சபதம் வரலாற்றாசிரியர் எல்லோராலும் சொல்லப்படுவது. திரும்பினால் கப்பலோடு திரும்புவது, இல்லையேல் அக்கடலிலேயே விழுந்து உயிரை விடுவது என்பதே அது. அவ்வேளையில் வீட்டிலே மூத்த மகன் உலகநாதன் நோயாகக் கிடந்தான். மனைவியார் நிறைமாதக் கர்ப்பிணி. உற்றார் திரும்பி வரும்படி கேட்டபோதும், வீட்டை இறைவன் பார்த்துக்கொள்வான் எனச் சொல்லி அவர் தம் அலுவலிலேயே நின்றார். இதனை வாசிக்கும் தாய்மாருக்கு ஒரு மனக்குறை எழுமானால் அது நியாயமானதே. எனக்கும் அது உண்டு. பெரியவர்களின் வைராக்கியத்துக்கான விலையை அவர்கள் மாத்திரம் கொடுப்பதில்லை. வீட்டிலுள்ளவர்களும் சேர்ந்தே கொடுக்கிறார்கள்.

பம்பாயிலும் வட இந்திய நகரங்களிலும் அலைந்து, மொழி தெரியாத வணிகரிடமும் பங்கு விற்று, பாலகங்காதர திலகரின் உதவியும் சேர, எஸ்.எஸ். காலியா என்ற கப்பலை வாங்கினார். அதையடுத்துப் பிரான்சிலிருந்து எஸ்.எஸ். லாவோ என்ற கப்பலும் வந்து சேர்ந்தது. 1907ஆம் ஆண்டு மே மாதமளவில் அக்கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தபோது ஊரே கடற்கரையில் நின்றது. அவரது நண்பர் சுப்பிரமணிய பாரதியார் தமது இந்தியா பத்திரிகையில் அதனைக் கொண்டாடி எழுதினார்.

இனித்தான் உண்மையான போர். ஆங்கிலக் கம்பனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே ஆங்கிலக் கம்பனியார் காசே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கினார்கள். இது கட்டுக்கதை அல்ல. பல கடல்களில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை ஓட்டிய கம்பனிக்குத் தூத்துக்குடி – கொழும்பு வழியில் சில ஆண்டு நட்டம் ஒரு பொருட்டல்ல. இரண்டு கப்பல் வைத்திருப்பவனுக்கோ ஒவ்வொரு பயணத்திலும் எரியும் நிலக்கரி அவன் மடிப்பணம். அப்படியிருந்தும் குடையை வேண்டாமென்று காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய சனங்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள். சுங்க உத்தியோகத்தர், துறைமுக உத்தியோகத்தர், நீதிபதிகள் முதலியோர் வழியாகவும் கம்பனிக்கு இடையூறுகள் வந்தன. அரசாங்கம் ஆங்கிலக் கம்பனியின் பக்கமே நின்றது.

இவ்விடத்தில் என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளையவர்களைக் குறையற்ற வணிகர் என்று நான் எழுதமாட்டேன். விலைப்போட்டியில் பலவானோடு சரிக்குச் சரி இறங்குவது சிறியவனுக்கு ஆபத்து என்பது வியாபாரத்தின் அரிச்சுவடி. அத்தோடு, வணிகத்தையும் அரசியலையும் அவர் ஒரே தோளில் சுமந்தார். சற்றுப் பொறுத்துக் கம்பனியை நிலைநிறுத்திய பின் அரசியலில் இறங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு அவை இரண்டாகத் தோன்றவில்லை. கப்பல் அவருக்கு இலாபம் தேடும் கருவியாக மாத்திரம் இருந்திருந்தால், ஆங்கிலக் கம்பனியோடு ஒத்துப்போய் நல்ல விலை பேசி ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை.

1908ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி குறைவு, வேலைநேரம் மிகுதி, வார விடுமுறை இல்லை. பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். வேலையற்றிருந்த தொழிலாளருக்கு ஊரில் பணம் திரட்டி உணவுக்கு வழி செய்தார். ஒன்பது நாளில் ஆலை நிருவாகம் இறங்கி வந்தது. தாமே ஒரு முதலாளியாக இருந்துகொண்டு இன்னொரு முதலாளியின் தொழிலாளருக்காகப் பட்டினிச் செலவைச் சுமந்தவர் அக்காலத்தில் வேறு எவர் என்று தேடிப்பார்க்க வேண்டும்.

அந்த வெற்றியின் ஈரம் காயுமுன் மார்ச் 12ஆந் திகதி அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். யூலை 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணைநின்றதற்கு 20 ஆண்டு என்று இரண்டு ஆயுள் தண்டனைகள். அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், ஆயுள் முழுவதும் தெளியவேயில்லை. மேன்முறையீடுகளின் பின் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் நார் உரிக்கும் இயந்திரத்தைச் சுற்றினார். கைத்தோல் உரிந்து இரத்தம் வந்தது. பின்னர் மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கில் பூட்டப்பட்டார். சட்டம் படித்தவர், பத்து இலட்சம் ரூபாக் கம்பனி நடத்தியவர், வெயிலில் செக்குச் சுற்றினார். இந்தப் பகுதியை எல்லோரும் அறிவர், ஆகவே நீட்டவில்லை. பலர் அறியாதது வேறொன்று. அச்சிறைவாசத்திலே அவர் தொல்காப்பியத்தை ஊன்றிப் படித்தார். உடன் இருந்த கைதிகளுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுத்தார். ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் அலன் எழுதிய, எண்ணத்தின் வலிமை பற்றிய சிறு நூலை மனம்போல வாழ்வு என்ற பெயரில் தமிழாக்கினார். அது 1909ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அதே ஆசிரியரின் நூல்களைத் தழுவி அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் என்பனவும் வந்தன.

இக்காலத்தில் வியாபாரிகளுக்கு மனவலிமை ஊட்டும் நூல்கள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. குளிரூட்டிய மண்டபங்களில் வகுப்புகளும் நடக்கின்றன. தமிழில் அத்தகைய நூல்களுக்கு முன்னோடியாய் நின்ற ஒன்று, செக்குச் சுற்றிய கையால் எழுதப்பட்டது. மனம் எதனை நினைக்கிறதோ அதுவே வாழ்வாகும் என்ற கருத்தை வசதியாக வாழ்பவர் எழுதினால் நமக்குச் சந்தேகம் வரும். இவர் எழுதியதை அப்படித் தள்ளிவிட முடியாது.

இதனிடையே வெளியிலே கம்பனி சரிந்தது. நடத்த ஆளில்லை, நட்டம் ஏறியது. 1911ஆம் ஆண்டு கம்பனி கலைக்கப்பட்டது. கப்பல்களும் கைமாறின. எந்தக் கம்பனியை எதிர்த்து வாங்கினாரோ அந்தக் கம்பனியிடமே ஒரு கப்பல் விலைபோயிற்று என்று சொல்வார்கள். இச்செய்திகள் கண்ணனூர்ச் சிறையில் இருந்த அவரை எட்டின.

1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் விடுதலையானார். கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட காலம் போய், சிறை வாசலில் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்களில் சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். அவருக்கோ சிறையில் தொழுநோய் பற்றியிருந்தது. சட்டத்தரணித் தொழில் செய்யும் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சொத்தும் கரைந்திருந்தது. மனைவி மக்களோடு சென்னைக்குச் சென்று வாழ்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அங்கே அவர் செய்ததைத்தான் எம்மூர் வணிகர்கள் முக்கியமாக அறியவேண்டும். அரிசிக்கடை வைத்தார். நெய் வியாபாரம் செய்தார். நீராவிக் கப்பல் ஓட்டியவர் படி அரிசி அளந்து விற்றார். மானக்கேடு என்று வீட்டுக்குள் முடங்கவில்லை. அவ்வியாபாரங்களும் செழிக்கவில்லை என்பதே உண்மை. தென்னாபிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்த பணம் உடனே வந்து சேரவில்லை. கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி, 1916ஆம் ஆண்டில் 347 ரூபா 12 அணாவைப் பெற்றார். அக்கடிதங்களில் வறுமை தெரிகிறது, ஆனால் கெஞ்சல் இல்லை. கேட்டது தமக்குரிய பணம் என்ற தெளிவோடு, மரியாதை குன்றாமல் எழுதியிருக்கிறார். பின்னர் கோயம்புத்தூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் சட்டத்தரணி உரிமம் திரும்பக் கிடைத்தது. தம்மைச் சிறையிட்ட இனத்தவரே ஆயினும் நன்றி மறவாமல், தம் இளைய மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். சிவநாமத்தின் ஓசையும் அதிலே கலந்திருப்பதை அடியார்கள் கவனிக்கலாம்.

இத்தனை அலைச்சலுக்குள்ளும் நூற்பணி நிற்கவில்லை. மெய்யறம், மெய்யறிவு என்பவற்றை இயற்றினார். திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். கையில் காசில்லாத ஒருவர் பழைய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றுவது கப்பல் வாங்குவதற்கு இளைத்த காரியமல்ல. எமது ஆறுமுக நாவலர் பெருமான் அதே பாட்டைப் பட்டவர். ஆகையால் எமக்கு அது விளங்கும்.

பாட்டியார் மடியில் கேட்ட சிவகதை கடைசியில் பலித்தது. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்துக்குப் பிள்ளையவர்கள் எளிய உரை ஒன்று எழுதினார். அது 1935ஆம் ஆண்டு வெளிவந்தது. சைவசித்தாந்தத்தின் தலையாய நூலைச் சாதாரண மக்களும் படிக்கவேண்டும் என்பதே அவர் எண்ணம். சித்தாந்த வகுப்பு நடத்தும் எமது அன்பர்கள் அவ்வுரையைத் தேடி வாசித்தால் பயனுண்டு.

தூத்துக்குடி – கொழும்புப் பயணிகள் கப்பலுக்கு அதன்பிறகும் இலகுவான காலம் அமையவில்லை. 2011ஆம் ஆண்டு யூன் மாதம் அவ்வழியில் கப்பற்சேவை மீண்டும் ஆரம்பிக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே போதிய வருமானமின்றி நின்றுபோனது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபோதும் இடையிடையே தடைகள் வந்தன. அரசாங்கங்கள் முன்னின்று நடத்தியவற்றுக்கே இந்த நிலையென்றால், அரசாங்கத்தை எதிர்த்து நின்ற ஒரு தனிமனிதர் பட்டதை ஒருவாறு கணக்கிடலாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011ஆம் ஆண்டில் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

இறுதிக் காலத்தில் அவர் தூத்துக்குடியிலேயே வாழ்ந்தார். 1936ஆம் ஆண்டு, நோய் முற்றிய நிலையில் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். அதிலே சொத்தைவிடக் கடன்கள் பற்றிய விபரமே கவனத்தை ஈர்க்கிறது. துணிக்கடைக்குக் கொடுக்க வேண்டியது, எண்ணெய்க்கடைக்குக் கொடுக்க வேண்டியது எனச் சில்லறைப் பாக்கிகளையும் விடாமல், யாருக்கு எவ்வளவு என்று வரிசையாகக் குறித்து வைத்தார். நவம்பர் 18ஆந் திகதி, தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே கண்மூடினார்.